புல்லுன்னா சும்மாவா பாஸ்?

கோயம்புத்தூர் பசங்ககிட்ட 'மலை'ன்னு சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் மருதமலைப் படிக்கட்டைச் சொல்வாங்க. மீதிப் பேர் மூங்கில் குச்சி ஊன்றி வெள்ளியங்கிரி ஏறின வீரக்கதையை ஆரம்பிச்சுடுவாங்க. ஊட்டியா? பைக், டீ, வர்க்கி, நாலு போட்டோ, ரிட்டர்ன்! அந்த ஊட்டிக்குப் பின்னாடி, கடையும் கூட்டமும் இல்லாத ஒரு புல்வெளி இருக்கு. நம்ம ஊர் மில் ஓடினதுக்கும், கோபி பக்கம் நெல் விளையறதுக்கும் அந்தப் புல்தான் காரணம்னு சொன்னா நம்புவீங்களா? வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்.

இடம், முக்கூர்த்தி. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடிசை வரைக்கும் ஒரு நடைபாதை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்துவிட்டதே, அதில் இதுவும் ஒண்ணு. வெள்ளியங்கிரி மாதிரி முட்டியைக் கழட்டுற ஏத்தம் கிடையாது. ஏறி, இறங்கி, திரும்ப ஏறின்னு நீளமா ஒரு நடை. நல்ல ஷூவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா போதும். மழைக்காலம்னா அட்டைக்கும் சேர்த்துத் தயாரா போங்க!

நாங்க ஆறு பேர், கூட ஒரு வழிகாட்டி அண்ணா. முதலில் மரங்கள். வரிசை பிசகாம, ஒரே உசரத்தில், யூனிஃபார்ம் போட்ட ஸ்கூல் பசங்க மாதிரி சீகை மரங்கள். உள்ளே ஒரு பறவைச் சத்தம்கூட அதிகம் இல்லை. அதைத் தாண்டி மேலே வந்தா... சட்டுன்னு வானம் திறக்குது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல். மடிப்பு மடிப்பா மலைகள். ரெண்டு மலை சேருற பள்ளத்தில் மட்டும் குட்டையா, அடர்த்தியா ஒரு காடு. அதுதான் சோலை. மேட்டில் புல், மடிப்பில் சோலை. இயற்கை போட்ட டிசைன் அவ்வளவுதான்.

எங்க கேங்கில் ஒருத்தன், என்.எஸ்.எஸ். ஆர்வலன். "என்னடா இது, இவ்ளோ இடம் மொட்டையா கிடக்கு? ஆளுக்குப் பத்து மரக்கன்னு நட்டா எப்படி இருக்கும்!" என்றான். வழிகாட்டி அண்ணா சிரித்தார். "தம்பி, நீங்க நிக்கறதே தண்ணித் தொட்டி மேல. இதுல மரத்தை நட்டா தொட்டி காலியாயிடும்!"

மரம் நட்டா தண்ணி குறையுமா? ஒண்ணாப்பிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தலைகீழா இருக்கேன்னு தோணுதில்ல? விஷயம் இதுதான். இந்த உயரத்துப் புல்லுக்கு வேர் ஆழம் கம்மி. அது குடிக்கற தண்ணியும் கம்மி. அடியில் இருக்கற கறுப்பு மண் ஸ்பாஞ்ச் மாதிரி. மழையை வாங்கி வெச்சுக்கிட்டு, மழை நின்ன பிறகும் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடும். அதே இடத்தில் வேகமா வளர்ற வெளிநாட்டு மரத்தை நட்டா, அது வருஷம் முழுக்க ஆழத்திலிருந்து உறிஞ்சி ஆவியாக்கிட்டே இருக்கும். இது வாய்ப்பேச்சு இல்லை, அளந்து பார்த்த கணக்கு. இதே நீலகிரியில் க்ளென்மார்கன் பக்கம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கற ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணைப் புல்லாவே விட்டாங்க. இன்னொண்ணில் 1972-ல் தைல மரம் நட்டாங்க. பத்து வருஷக் கணக்கில், மரம் நட்ட இடத்திலிருந்து வந்த தண்ணி சுமார் 16 சதவிகிதம் குறைஞ்சுபோச்சு. மரத்தை வெட்டி, அது மறுபடி துளிர்த்த ரெண்டாவது சுற்றில் இழப்பு இன்னும் அதிகம்!

சரி, இங்கே தண்ணி குறைஞ்சா நமக்கென்ன? பைக்காரா ஆறு பிறக்கறதே முக்கூர்த்தி சிகரத்தடியில்தான். அந்தத் தண்ணியைச் சுமார் 3,000 அடி கீழே குழாயில் இறக்கி, 1932-ல் சிங்காராவில் மின்சாரம் எடுத்தாங்க. அந்த கரன்ட் கோவைக்கு வந்த பிறகுதான் இங்கே மில்கள் மளமளன்னு முளைச்சது. நம்ம ஊரோட பவுண்டரி, பம்ப்செட், அதைப் பார்த்து வந்த இன்ஜினீயரிங் காலேஜ்னு எல்லாத்துக்கும் பின்னாடி அந்த ஆத்துக்கு ஒரு பங்கு இருக்கு.

டர்பைனைச் சுத்திவிட்ட தண்ணி அதோட நிக்கலை. மாயாறா ஓடி, பவானிசாகர் அணைக்கு வருது. 1955-ல் கட்டி முடிச்ச அணை. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் வழியா 2 லட்சம் ஏக்கருக்கு மேலே பாசனம். எங்க அப்புச்சிக்கு அந்த வாய்க்காலில்தான் ரெண்டு ஏக்கர். ஒவ்வொரு ஆடியிலும் போனில் நலம் விசாரிக்கறதுக்கு முன்னாடி அவர் கேக்கற கேள்வி, "ஏங்கண்ணு, டேம்ல எத்தனை அடி நிக்குதாமா?" அதை வெச்சுத்தான் நெல்லா, கடலையா, இல்லை சும்மா போடறதான்னு முடிவாகும். அந்த அடிக்கணக்கு அணையில் ஆரம்பிக்கலை. நாங்க நின்ன அந்தப் புல்லில் ஆரம்பிக்குதுன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

இன்னொரு கசப்பும் இருக்கு. கீழே பார்த்தோமே சீகை வரிசை, அது தானா முளைச்சது இல்லை. தோல் பதனிட அதோட பட்டை வேணும், விறகு வேணும்னு நட்டாங்க. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழுக்காகவும் நீலகிரி மரம் இறங்கிப் போச்சு. ஆக, புல்லை அழிச்சதில் மலைக்காரங்களைவிட சமவெளிக்காரங்க நமக்குத்தான் பங்கு அதிகம். ஆலை மூடிப்போச்சு. சீகை மட்டும் விதை விட்டு, நடாத இடத்துக்கும் பரவிக்கிட்டே இருக்கு. இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றி, பழைய சூழலை மீட்க 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. பிடுங்கறதுதான், நடுறதைவிடப் பெரிய வேலை.

குடிசைக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் ட்ரௌட் மீன் பிடிக்க வந்தவங்க தங்கின வழக்கம் உள்ள இடம். பெரிய பங்களான்னு நினைச்சுடாதீங்க! ஆனா, சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு உக்காந்தா, அந்தக் காத்துக்கு அஞ்சு நட்சத்திர ஓட்டல் தோத்துடும். அவங்களுக்கு எல்லாம் முன்னாடியே இந்தப் புல் தோடர்களோட மேய்ச்சல் நிலம். வெயில் காலத்தில் எருமைகளை ஓட்டிக்கிட்டு குந்தா பக்கத்துப் புல்வெளிகளுக்கு வந்து தங்குவாங்களாம். செத்துப்போனவங்க மேற்கே இருக்கற மறுவுலகத்துக்குப் போறதும் இந்தத் திசையில்தான்னு அவங்க நம்பிக்கை. நமக்கு 'மொட்டை'யா தெரியற இடம், அவங்களுக்குச் சொர்க்கத்துக்குப் போற வழி!

சிகரம் 2,554 மீட்டர். உச்சியில் ஏறிக் கொடி நட்டு போஸ் கொடுக்கற பிளான் இருந்தா, இங்கேயே கேன்சல் பண்ணிடுங்க. எங்க அனுமதி குடிசை வரைக்கும்தான். சிகரம் வரையாடுகளுக்கு. நம்ம மாநில விலங்கு அது. திறந்த புல்லும் செங்குத்துப் பாறையும் இல்லைன்னா பிழைக்காது. மூடுபனி விலகின ரெண்டு நிமிஷம் சிகரத்தோட மூக்கு தெரிஞ்சது. எங்க ஆறு பேரில் ஒருத்தரும் பேசலை. ஹாஸ்டலில் இது நடந்ததே இல்லை!

போறதுன்னா முறையா போங்க. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஆன்லைனில் பதிவு பண்ணாம, 'எனக்கு ரேஞ்சரைத் தெரியும்'னு குறுக்கு வழி வேண்டாம். தீ அபாயம் உள்ள கோடையில் பாதைகளை மூடுவாங்க, மூடினா மூடினதுதான். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவின தீ, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோச்சு. அன்னிக்கு மலை ஏறினவங்களில் நம்ம ஈரோடு, திருப்பூர்க்காரங்களும் உண்டு. ஒரு பீடித் துண்டுக்குக்கூட அங்கே இடம் இல்லை.

அடுத்த தடவை உங்க காலேஜில் 'மலையில் ஆயிரம் மரக்கன்று'ன்னு போஸ்டர் ஒட்டினாங்கன்னா, கையை உயர்த்தி ரெண்டே கேள்வி கேளுங்க. எந்த மலை? என்ன மரம்? கீழே மரம் இல்லாத ரோட்டோரம் எத்தனையோ இருக்கு. அங்கே நடுங்க, தண்ணியும் ஊத்துங்க. மேலே இருக்கற புல்லைப் புல்லாவே விட்டுடுங்க... அப்புச்சி மாதிரி எத்தனையோ பேர் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க!