'இன்ட்ரஸ்ட்' என்றொரு சொல்

நம் இல்லங்களில் ஆங்கிலம் அறியாதோர் நாவிலும் தடையின்றி உலவும் சொல் 'இன்ட்ரஸ்ட்'. "பிள்ளைக்குப் படிப்பில் இன்ட்ரஸ்டே இல்லை" என்று தாய் வருந்துகிறாள். "பாங்குக் கணக்கில் இன்ட்ரஸ்ட் சேர்ந்துவிட்டது, அதை என்ன செய்வது?" என்று தந்தை ஆலிம்சாவிடம் விளக்கம் கேட்கிறார். ஒருவருக்கு அது இல்லையே என்ற கவலை. மற்றவருக்கு அது வந்துவிட்டதே என்ற கவலை! ஆர்வத்துக்கும் வட்டிக்கும் ஒரே பெயர் எப்படி வாய்த்தது என்று நீங்கள் எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'இன்ட்டர்' என்றால் இடையில். 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் கூடி 'இடையில் இருப்பது', 'வேறுபாடு உண்டாக்குவது', 'ஒருவரைப் பாதிப்பது' என்று பொருள் விரிந்தது. ஒரு காரியம் என்னைப் பாதிக்குமானால் அதில் எனக்கு உரிமையோ நலனோ இருக்கிறது என்பது ஆங்கிலத்தில் இதன் பழைய பொருள். மனத்தின் ஈடுபாட்டைக் குறிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். இன்று நாம் முதலில் நினைக்கும் பொருள், வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த பொருளாகும்.

வட்டி என்ற பொருள் வந்த கதையே சுவையானது. இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை வட்டியைக் கடுமையாகத் தடுத்தது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டி வாங்குவோருக்குக் கிறித்தவ நல்லடக்கமே கிடையாது என்று விதித்தது. வட்டிக்கு அன்றைய பெயர் 'யூசுரா'. பணத்தைப் பயன்படுத்தியதற்கான கூலி என்பது அதன் பொருள். ஆனால் தவணை தவறியதால் கடன் கொடுத்தவருக்கு உண்மையில் நட்டம் நேர்ந்தால், அதை ஈடு செய்வது குற்றமாகாது என்று சட்ட அறிஞர்கள் கூறினர். 'இருந்திருக்க வேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் இடையில் உள்ளது' என்ற கருத்தில் அந்த ஈட்டுத்தொகைக்கு 'இன்ட்டரெஸ்ஸே' என்று பெயர். வணிகர்கள் விடுவார்களா? கூலியின்றிக் கடன் கொடுப்பதாக எழுதி, மிகக் குறுகிய தவணை வைத்து, தவறியதும் ஈடு வாங்கினார்கள். விலக்கப்பட்டது விலக்கப்படாததன் பெயரை அணிந்துகொண்டது.

இங்கிலாந்தில் 1545இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை வாங்க இடமளித்தது. 1552இல் அது ரத்தாகி, 1571இல் மீண்டும் வந்தது. 'யூசுரி' என்ற சொல் அளவு மீறிய கொடுவட்டிக்கு ஒதுங்கியது; அளவுக்குள் நின்றது 'இன்ட்ரஸ்ட்' என்ற மரியாதை பெற்றது. 1854இல் அந்த உச்சவரம்புகளும் நீங்கின.

அரபியில் 'ரிபா' என்றால் மிகுதல், வளர்தல். பிள்ளை வளர்ப்பைக் குறிக்கும் 'தர்பிய்யத்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. நம் தமிழும் அவ்வாறே. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல். இவ்விரு மொழிகளும் பணம் பெருகுவதை ஒளிக்காமல் சொல்லின. ஆங்கிலச் சொல்லோ அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

கடைகளில் 'இன்ட்ரஸ்ட் இல்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டிருப்பீர்கள். கடன் அட்டைத் தவணைகளில் பூச்சிய வட்டி என்பதே கிடையாது, செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சொல்ல நேர்ந்தது. அந்த ஐரோப்பிய வணிகர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்!

இனி, நம் இல்லங்களுக்கு மிகவும் வேண்டிய பொருளுக்கு வருகிறேன். சொத்துரிமையைப் பேசும் சட்டத் தாள்களில் இச்சொல் ஆர்வத்தையும் குறிப்பதில்லை, வட்டியையும் குறிப்பதில்லை, பாத்தியதையைக் குறிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருந்தார். கணவரை இழந்தவர். தாயும் தந்தையும் மறைந்தபின் பூர்வீக வீட்டுக்கு அவரும் அவருடைய அண்ணனும் மட்டுமே வாரிசுகள். ஒருநாள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டச் சொன்னார். "எனக்கு இந்த வீட்டில் இன்ட்ரஸ்ட் இல்லை என்று எழுதியிருப்பதாகக் காக்கா சொன்னார், தம்பி. உண்மைதானே? பழைய வீடு, எனக்கு அதன்மேல் ஆசை ஒன்றும் இல்லை" என்றார்.

தாளில் அந்தச் சொல் இருந்தது. காக்கா சொன்னதில் பொய்யும் இல்லை. அவரும் அவ்வாறே நம்பியிருக்கக்கூடும். எவர் நெஞ்சிலும் புகுந்து பார்க்க நமக்கு இயலாது. ஆனால் அது விடுதலைப் பத்திரம். அந்த வரியின் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக் காட்டினேன்: 'மேற்படி சொத்தில் எனக்கு எவ்விதப் பங்கும் பாத்தியதையும் இல்லை.' மார்க்கம் அவருக்கு வகுத்த மூன்றில் ஒரு பங்கு அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துகொண்டிருந்தது. பெண்ணின் பங்கை இத்தனை திட்டமாக வகுத்த ஒரு மார்க்கத்தைப் பின்பற்றுவோர் வீட்டில், அவளுக்குப் புரியாத மொழியில் அவளிடம் கையெழுத்துக் கேட்பது என்ன வழக்கமோ, எனக்கு விளங்கவில்லை.

லாத்தா இருமுறை வாசித்தார். "ஆசை வேறு, பங்கு வேறா தம்பி?" என்று கேட்டார். ஆம் என்றேன். "விட்டுக் கொடுப்பதென்றால் தெரிந்தே கொடுக்கிறேன். தெரியாமல் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

வாசகர்களே, இத்தகைய தாள் உங்கள் வீட்டுப் பெண்மக்களிடம் வந்தால், அந்தச் சொல் நிற்கும் இடத்தில் 'பங்கு' என்று வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பத்திரம் எழுதப்பட்டது, தமிழில். லாத்தாவின் பங்குக்குரிய தொகை அதில் எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கப்பட்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்தில் சாட்சியாக என்னையும் ஒப்பமிடச் சொன்னவர் அந்தக் காக்காதான்.