பழவேற்காட்டுக்கு வந்த குள்ளநரி!

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. கருவாடு காயும் மணலில் காகம் இறங்கினால், ‘குள்ளநரி, திருடக் கூடாது!’ என்று வாண்டுகள் கத்துகின்றன. சுட்டி டி.வி-யில் ‘டோராவின் பயணங்கள்’ பார்த்து வளர்ந்த அண்ணன், அக்காக்களிடம் கற்ற வசனம். டோராவும் புஜ்ஜியும் சொன்னால் குள்ளநரி கேட்கும். காகம் கேட்குமா? கல்லெடுத்தால்தான் பறக்கும்.

ஏரிக்குள் காவல் வேறு மாதிரி. யார், எந்த நாளில், எங்கே இறால் வலை போடலாம் என்பதை ‘பாடு’ முறை தீர்மானிக்கிறது. அடுத்தவர் பாட்டில் கை வைத்தால் ஊர்ப் பஞ்சாயத்துதான். மனிதர்களைக் கட்டுப்படுத்த அது போதும். ஆனால், முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால்? கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர வழியில்லை. படகுகளும் கடலுக்குப் போக முடியாது. மணலை வாரும்வரை, முறை வந்தவர் வலையும் காலியாகத்தான் திரும்பும்.