அவன் சோக் பூசியிருந்தான்

பூல் கியூ ஒன்றின் நுனியில் தோல் டிப்பை நான் சரியாக ஒட்டவில்லை. அது கழன்றது. கழன்றதை ஒளித்தேன். பழியை ஓர் இளைஞன் தன் கையின் மேல் போட்டுக்கொண்டான். போட்டுக்கொள்ள விட்டேன். முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது அதுவும் பொய் என்று தெரிந்தது. மூன்றுமே தெரிந்து செய்தவை.

கற்பிட்டியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. இரண்டு பூல் மேசை, ஒரு கேரம் போர்ட், குளிர்பானப் பெட்டி. கடலுக்குப் போகாத நாட்களில் பையன்கள் வந்து நிறைவார்கள். கச்சான் காற்று காலத்தில் கண்டக்குழி, ஆலங்குடாப் பக்கம் கைட் சர்ஃபிங்குக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் தங்கும் லொட்ஜ்கள் சிலவற்றில் மேசைகள் இருக்கின்றன. அந்தக் கியூக்களுக்கும் டிப் மாற்றுபவன் நான்தான். ஊரில் வேறு ஆள் இல்லை. ஒரு வேலையை ஊரில் ஒருவனே செய்தால் அவன் செய்வதெல்லாம் சரி என்றாகிவிடும். தப்பென்று சொல்ல ஆள் இருக்காது. எனக்குத் தலைக்கனம் வந்தது அப்படித்தான்.

தீர்ப்புச் சொல்லப் போகிறவர் நீங்கள். அதனால் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கியூவின் நுனியில் ஒரு பூண் இருக்கும். ஸ்நூக்கர் கியூவில் பித்தளைப் பூண். பூல் கியூவில் பெரும்பாலும் பைபர் அல்லது பிளாஸ்டிக். அதன் தலையில் ஒரு வில்லைத் தோல். ஸ்நூக்கருக்கு 9, 10 மில்லிமீட்டர். பூலுக்கு 12, 13. இவ்வளவு நீளக் கியூவில் பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டுமே. அதுவும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ. தோல் வருவதற்கு முன்னர் வெறும் மரத்தால்தான் இடித்தார்கள். நடுவை விட்டுச் சற்று விலகினாலும் வழுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைக் கெப்டன் சிறையில் இருந்தபோது தோல் ஒட்டிப் பழகினார் என்று சொல்வார்கள். 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹொஸ்கின்ஸ் என்ற இருவர் தோல் வழுக்காமலிருக்க அதன் மேல் பூசும் சோக்கைச் சிலிக்காவும் அலுமினியம் ஒக்சைட்டும் சேர்த்துச் செய்து காப்புரிமை எடுத்தார்கள். தோலும் சோக்கும் சரியாக இருந்தால் 57 மில்லிமீட்டர் பந்தில் நடுவிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் விலகிக்கூட அடிக்கலாம். அதற்கு மேல் போனால் யார் அடித்தாலும் வழுக்கும். அதற்குள் அடித்தும் வழுக்கினால் குற்றம் சோக்கில் இருக்கும், இல்லாவிட்டால் டிப்பில். எனக்கு இது அன்றும் தெரியும்.

டிப் தேர்வதிலும் ஒரு பதம் உண்டு. மெல்லிய தோல் பந்தைப் பிடித்து விடும், சோக்கையும் நன்றாக ஏந்தும். ஆனால் பலமாகப் பிரேக் அடிப்பவன் கையில் சீக்கிரம் நசியும். கடினமான தோல் நாட்படும். அதன் முகம் பளபளத்துப் போனால் சோக் நிற்காது. எல்க் மாஸ்டர் போன்ற ஒற்றைத் தோல் டிப்கள் ஒரே பெட்டியில் இருந்தாலும் ஒன்றுபோல் இன்னொன்று இராது. சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சத்தம் கேட்டுப் பிரிக்க வேண்டும். தொப்பென்று விழுவது மென்மை. டிக்கென்று துள்ளுவது இறுக்கம். கமுயி, மூரி என்று ஜப்பான் டிப்கள் இருக்கின்றன. தோலைப் படை படையாக ஒட்டிச் செய்பவை. தரம் ஒரே சீராக இருக்கும். அதில் ஒன்று வாங்கும் காசுக்குச் சாதாரண டிப் ஒரு பெட்டியே வாங்கிவிடலாம். நம் பையன்கள் வாங்கமாட்டார்கள். நானும் வாங்கி வைப்பதில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை ஈரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக் காற்றில் பூட்டே துருப்பிடிக்கும்போது தோல் என்ன செய்யும்? மூடாத லாச்சியில் கிடக்கும் டிப் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். ஒட்டிச் சில நாட்களிலேயே விளிம்பு பூணுக்கு வெளியே காளான் குடைபோல் விரியும். இறுக மூடிய டின்னில் கொஞ்சம் அரிசி போட்டு வைத்தால் பாதி தொல்லை தீரும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் டிப்கள் லாச்சியில்தான் கிடந்தன.

ஒட்டும் வேலையின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. பழைய டிப்பை எடுத்ததும் பூணின் முகத்தில் காய்ந்த பசை கண்ணாடிபோல் படிந்திருக்கும். அதைச் சுரண்ட வேண்டும். பிறகு சேண்ட் பேப்பரைத் தட்டையான கட்டையில் வைத்து முகத்தை மட்டமாகத் தேய்க்க வேண்டும். புது டிப்பின் அடியையும் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்புறம்தான் சுப்பர் குளூ, ஒரு சொட்டு. அமுக்கிப் பிடித்து ஓர் இரவாவது விட்டுவிட வேண்டும். அடுத்த நாள் கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பூணில் கீறல் விழாமல் பிளேட்டால் விளிம்பைச் சீவி, முகத்துக்கு நாணயத்தின் விளிம்பு போன்ற வளைவு கொடுத்து, பக்கங்களைத் தோல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டியதுபோல் காட்டும். பிடிக்காது.

அந்த இளைஞன் என்னிடம் வந்தது ஒரு பூல் போட்டிக்கு முதல் நாள் இரவு. வாப்பாவோடு கடலுக்குப் போகிற பையன். எங்கள் கடையில் விளையாடிப் பழகியவன். சொந்தமாக ஒரு கியூ வைத்திருந்தான். இரண்டு துண்டாகக் கழற்றும் கியூ. உறை கிழிந்த இடத்தில் வலை நூலால் தைத்திருந்தான். விடிய சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புத்தளம் போக வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு. வேன் காசை நான்கு பேரும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

கடையில் அப்போது லொட்ஜ் ஒன்றிலிருந்து வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றி அவர்களுக்கு நான் கதை அளந்துகொண்டிருந்தேன். அவன் கியூவை நீட்டியதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. இவர்களுக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். எவ்வளவு விரைவாகச் செய்கிறேன் என்று அவர்கள் பார்க்க வேண்டும். பழைய டிப்பை ஒரே வெட்டில் எடுத்தேன். பெருவிரலால் பூணின் முகத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. பழைய பசை. விரலுக்குத் தெரிந்தது. சேண்ட் பேப்பர் கை எட்டும் தூரத்தில் மேசையில் கிடந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் நேரமாகும். வித்தையின் வேகம் கெடும்.

அவன் கேட்டான், "நானா, மீடியம் ஒன்டு இல்லயா? இது மெல்லிசா இருக்கே."

மீடியம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய டிப்பையே இன்னும் ஒரு நாள் வைத்திரு, முகத்தை மட்டும் சீர் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான யோசனையாகவும் இருந்திருக்கும். ஆனால் பழையதை வெட்டி எறிந்தாயிற்று. நான் சொன்னது இது: "லாபிர் இப்படி மெல்லிய டிப்பாலதான் அடிச்சார் தம்பி. தெரியுமா உனக்கு?"

எம்.ஜே.எம். லாபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றவர். இலங்கைக்கு ஓர் உலகப் பட்டம் எப்படி வந்தது என்று பேச்செடுத்தால் அந்தப் பெயரில்தான் தொடங்க வேண்டும். அவர் ஆடி நான் பார்த்ததில்லை. அவர் என்ன டிப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதுமில்லை. அந்தப் பெயருக்கு மேல் அந்தப் பையன் கேள்வி கேட்கமாட்டான் என்று மட்டும் தெரியும். கேட்கவில்லை. தலையாட்டினான். காசு எவ்வளவு என்றான். வாங்கிக்கொண்டேன். தோலைத் தட்டிச் சீவியும் கொடுத்துவிட்டேன். பசை காயவேயில்லை.

அடுத்த நாள் நானும் அந்த வேனில் போனேன். என் கடைப் பையன்கள் விளையாடுவதை நாலு பேர் பார்க்க, நான் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

குழுவாக ஆடி, ஒரே ஒரு கேம் மிச்சம் என்ற இடம் வரைக்கும் வந்தார்கள். கடைசி ஆட்டம் அவனுடையது. எட்டாம் நம்பர் கறுப்புப் பந்து நடுப் பொக்கெட்டுக்கு நேராக இருந்தது. வெள்ளையில் கொஞ்சம் கீழே அடித்தால் போதும். கஷ்டமான அடியே அல்ல. அவன் சோக் எடுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்பின் விளிம்பெல்லாம் படும்படி நிதானமாகப் பூசினான். பூசியதை ஊதிப் பார்த்தான். குனிந்தான். கையில் ஓர் அசைவில்லை. படகின் ஆட்டத்திலும் ஊசி கோப்பவர்களின் கை அது.

அடித்தபோது சத்தம் வேறு மாதிரி வந்தது. மரம் கல்லில் பட்டதுபோல் ஒரு கீச்சல். கியூ வழுக்கி மேலே போனது. வெள்ளைப் பந்து கோணி ஓடி எதிர்ப்பக்கத்துப் பொக்கெட்டில் விழுந்தது. கறுப்பு அசையவேயில்லை. எதிர்க் குழு கத்தியது.

அவன் கியூவைப் பார்க்கவில்லை. தன் இடக்கையைப் பார்த்தான்.

அங்கேதான் நான் செய்தேன். எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் கியூவை வாங்கினேன், ஆறுதல் சொல்பவன் மாதிரி. டிப் ஒரு பக்கம் கிளம்பி நின்றது. பெருவிரல் நகத்தால் நெம்பினேன். சத்தமில்லாமல் கையோடு வந்தது. அதன் அடியில் நான் விட்ட சொட்டு முழுதாக ஒட்டியிருந்தது. பூணின் முகம் முந்தின இரவு இருந்ததுபோலவே பளபளத்தது. எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். நுனியை உள்ளங்கையால் மூடி, கியூவைக் கழற்றி உறைக்குள் செருகினேன். பிறகு அவன் தோளில் கை போட்டுச் சொன்னேன்.

"சோக் பூசல்லயா தம்பி?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "பூசின மாதிரித்தான் நானா. சரியாப் படல்ல போல. கை நடுங்கிட்டு."

நான் சரி என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னது நான். வேறு யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. பாலாவி தாண்டியதும் ஒருவன் ஆரம்பித்தான். சின்னப்பிள்ளைகூடச் சோக் பூசும் என்றான். இன்னொருவன் சிரித்தான். அதன் பிறகு அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அது ஊரில் மூன்று நான்கு பெருநாளைக்கு நின்றது. அடுத்த போட்டிக்கு அவனைச் சேர்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கியூவை விற்றான். விற்கும் முன் டிப் இல்லாததைப் பார்த்திருப்பான், உறையில் உரசிக் கழன்றது என்று நினைத்திருப்பான். வாங்கியவன் என்னிடமே கொண்டுவந்தான், புது டிப் போட. அந்த முறை பூணை நன்றாகத் தேய்த்து ஒட்டினேன். இன்றும் நிற்கிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். லொட்ஜ் வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அது சின்னப் பயம். டிப் வேலையில் வரும் காசு என் வீட்டு மின்சாரக் கட்டணத்துக்குக்கூடக் காணாது. பெரிய பயம் வேறு. ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான். நானாவிடம் கொடுத்தால் சரியாக இருக்கும் என்ற பெயர். அதைக் காப்பாற்ற ஒரு பையனின் பெயரைக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பெயர் என்று ஒன்று உருவாகவேயில்லை. அதனால் கணக்கில் எடுக்கத் தோன்றவில்லை.

கடந்த நோன்பில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவனுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. பிறகு கேட்டான். "ஏன் நானா அண்டைக்கே செல்லல்ல?" என்னிடம் பதில் இருந்தது. மேலே எழுதியிருப்பதுதான். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அவனிடம் சொன்னது போதாது. அவனுக்குத் தன் கை நடுங்கவில்லை என்று இப்போது தெரியும். மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. இருவர் வெளிநாட்டில். ஒருவர் கொழும்பில். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவர் அவர்களில் ஒருவர். இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

வேனில் என்னோடு வந்த மூவரும் இதை வாசித்தால் அவனுக்கு ஒரு கோல் எடுங்கள். உங்கள் வேன் காசையும் அந்தக் கேமையும் தோற்க வைத்தவன் நான். என்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் வந்து கேளுங்கள். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்குப் பிறகு திறப்பேன்.