முசிறிக் கரையிலிருந்து தூய வளனார் வளாகம் வரை

காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே அமைந்துள்ளது முசிறி. சங்கப் புலவர்கள் போற்றிய சேரநாட்டுத் துறைமுகமாகிய முசிறி வேறு, இது வேறு. அங்கே மிளகு ஏற்றிச் சென்ற மரக்கலங்கள். இங்கே வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் கோரைப்பாய் நெய்யும் எளிய குடும்பங்களும். ஆயினும் இவ்வூரின் பெயரை இசையுலகம் நன்கறியும். அருகிலுள்ள பொம்மலபாளையத்தில் 1899இல் பிறந்த முசிறி சுப்பிரமணிய ஐயர், ஆசான்களை அடுத்திருந்து இசை பயின்றவர். 1939இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், பின்னர் சென்னைக் கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராகவும் திகழ்ந்தார். கற்பதற்காக ஊரை விட்டுச் சென்றவர், ஊரின் பெயரையே தம் பெயரோடு சுமந்து நின்றார். மாணவன் ஒருவன் தன் ஊருக்குச் செய்யக்கூடிய சிறப்பு இதனினும் வேறுண்டோ?

முசிறிப் பக்கத்துப் பெற்றோர் பலர், பிள்ளைகளின் மேற்படிப்புக்காகத் திருச்சியையே நோக்குகின்றனர். அப்பிள்ளைகள் செல்லும் வழியில் நாமும் ஒருமுறை செல்வோம்.

பேருந்து கிழக்கு நோக்கிக் காவிரியை ஒட்டியே விரைகிறது. குணசீலத்தைக் கடந்து வாத்தலையை அடுத்தால் முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இவ்விடத்தில், 1836ஆம் ஆண்டுவாக்கில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டுவித்தார். 2018 ஆகஸ்டில் பெருகிவந்த வெள்ளம் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சிலவற்றை அடித்துச் சென்றது. பின்னர் புதிய கதவணை எழுந்தது. கொள்ளிடப் பாலத்தை நெருங்குகையில், 1987இல் நிறைவுபெற்ற திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி உயரத்தில் கண்முன் நிற்கிறது. காவிரியையும் கடந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், கூரிய கோபுரத்தோடு லூர்து அன்னை ஆலயம் நம்மை வரவேற்கிறது. அதன் நிழலில் விரிந்து கிடப்பதே தூய வளனார் கல்லூரி வளாகம். மேனிலைப்பள்ளியும் இதனைச் சார்ந்ததே. சற்றுத் தொலைவில், பெண்களின் உயர்கல்விக்கென 1923இல் திருச்சிலுவைக் கன்னியர் தொடங்கிய கல்லூரியும் உள்ளது.

நாகையிலிருந்து திருச்சிக்கு

இக்கல்வி நிலையம் பிறந்த இடம் திருச்சியன்று. 1844இல் இயேசு சபைக் குருமார் இதனை நாகப்பட்டினத்தில் தொடங்கினர். கடற்கரையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வளர்ந்து, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. மலைக்கோட்டை ஒருபுறம், காவிரி மறுபுறம், நாற்றிசையிலிருந்தும் வந்துசேரும் சாலைகள் என மாணவர் வந்து கூடுவதற்கு ஏற்ற இடமாய் அமைந்தது. 1978இல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் ஒன்றாகி, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றது. தமிழகப் பள்ளிகளில் +2 கல்வி முறை அறிமுகமானதும் அதே ஆண்டில்தான்.

ஓர் ஆண்டின் ஓட்டம்

நம் பகுதி மாணவனின் ஆண்டும் காவிரியின் ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்குகின்றன. சூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கென வழக்கமாகக் குறிக்கப்பெறும் நாள். பள்ளிக் கதவுகள் திறப்பதும் அம்மாதத்தில்தான். புதுப் புத்தகத்தின் மணம் மறையுமுன் சூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாள். அதையடுத்து ஆடிப்பெருக்கு. முசிறிப் பிள்ளைக்கு அன்று மனம் வகுப்பறையில் இராது, ஆற்றங்கரையில்தான் இருக்கும்! ஆகஸ்டு 15 நாட்டின் விடுதலைத் திருநாள். விண்ணேற்பு அன்னையின் விழாவும் அன்றே. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கிறிஸ்து பிறப்பு விழாவும் பொங்கலும் கழிந்ததும் விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று வளாகமே களைகட்டும். மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள். அதுவோ பொதுத்தேர்வுக் காலம். உழைத்து உண்ட தச்சரின் பெயர் தாங்கிய நிலையத்துக்கு, உழைப்பின் பயனை அளக்கும் பருவத்தில் அவர் திருநாள் வருவது பொருத்தமன்றோ!

விடுதி கற்பித்த பாடம்

இவ்வளாகத்து மாணவர் வாழ்வு எத்தகையது என்பதற்கு, இங்கு 1950 முதல் 1954 வரை பயின்ற ஒருவரே சான்று. அவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். இடைநிலை வகுப்பு இரண்டாண்டு, இயற்பியல் பட்டப்படிப்பு இரண்டாண்டு என நான்காண்டுகள் அவர் விடுதியிலேயே தங்கினார். அவருடைய அறைத்தோழர் இருவர்: ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்று மறைகள் ஒரே அறையில்! ஆங்கிலம் கற்பித்த குருவானவரே விடுதிக் காப்பாளர். இரவுதோறும் மறைநூலைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு மாணவனையும் சென்று கண்டு நலம் விசாரிப்பாராம். தீபாவளியன்று மாணவர்க்கு நல்லெண்ணெய் வழங்கவும் ஏற்பாடு செய்வாராம். மூன்றாமாண்டில் கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலராகி, ஒரு ஞாயிறன்று அதிபர் தந்தையை மதிய விருந்துக்கு அழைத்தார். பல்வேறு வீட்டுப் பழக்கங்களிலிருந்து வந்த உணவுவகைகள் அன்று இலையில் இடம்பெற்றன. இவை எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாதவை. ஆயினும் குடியரசுத் தலைவராக உயர்ந்த பின்னரும் அவர் நினைவில் நின்றவை இவைதாம்.

பெற்றோர் கருதவேண்டிய வேறொன்றும் உண்டு. தமக்குரியது பொறியியலே என்பதைப் பட்டப்படிப்பின் முடிவில்தான் கலாம் உணர்ந்தார். சென்னையில் குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் வேண்டும். தமக்கை சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். ஒரு மாணவனின் சாதனைக்குப் பின்னே ஒரு பெண்ணின் வெறுங்கை நிற்கிறது. நம் ஊர்களிலும் கோரைப்பாய் நெய்து, வாழைத்தார் சுமந்து, நகையை அடகுக்கடையில் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் அன்னையர் எத்தனையோ பேர்!

எது சாதனை?

ஆண்டு விழாவில் வாசிக்கப்படும் அறிக்கையில், முதலிடம் பெற்றோர் பெயரும் வென்ற கோப்பைகளும் இடம்பெறுகின்றன. வேண்டியவையே. ஆயினும் மே மாதத் தேர்வு முடிவு நாளில், தெருவெங்கும் படம் பொறித்த விளம்பரத் தட்டிகளின் கீழே தலைகுனிந்து செல்லும் பிள்ளையை நாம் காண்பதில்லையா? மதிப்பெண் போட்டியின் கொடுமையைக் கண்டே, 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அரசு நிறுத்தியதை நம் வீட்டுத் திண்ணைகள் இன்னும் நிறுத்தவில்லை.

வேறு வகைச் சாதனைகளையும் இவ்வளாகமே காட்டுகிறது. 1967இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ இங்கு நிறுவிய ராபினாட் தாவரக் காப்பகத்தில், மலைகளிலும் வயல்வெளிகளிலும் அலைந்து சேர்த்த செடிவகைகள் உலர்த்தி, பெயரிட்டு, அடுக்கிவைக்கப்பட்டுள்ளன. அவ்வுழைப்பின் கனியாகத் தமிழகத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1980களில் வெளிவந்தது. காலடியில் மிதிபடும் புல்லுக்கும் ஒரு பெயருண்டு, ஓர் இடமுண்டு என்று காட்டிய பணி அது. மனிதப் பிள்ளைகளிடத்திலும் கல்விக்கூடம் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டாமா?

சிறுபான்மையோர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு அளிக்கிறது. அவ்வரசியலமைப்பை வகுத்த அவையில், திருச்சிக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடைய இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அமர்ந்திருந்தார். உரிமை தனித்து வருவதில்லை; கடமையையும் கைப்பிடித்தே அழைத்துவருகிறது. 1982 சூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதும் இத்திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட மண் இது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் இடமளிப்பதில்தான் தனியார் கல்வி நிலையத்தின் தகுதி விளங்கும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று ஆராயும்போது, முதலிடம் பெற்றவர் எத்தனை பேர் என்று மட்டும் கேளாதீர்கள். பின்தங்கிய பிள்ளையை மாலையில் அருகிருத்திக் கற்பிப்பவர் யார்? விடுதியில் காய்ச்சலாய்ப் படுத்தவனை இரவில் எட்டிப் பார்ப்பவர் யார்? பிற மறைத் தோழனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணப் பழகுகிறானா? இவற்றையும் கேளுங்கள். மேட்டூர் நீர் முக்கொம்பில் பிரிந்து, பெரிய வாய்க்காலோடு நின்றுவிடாமல் கடைமடை வயலையும் எட்டினால்தான் அவ்வாண்டு விளைச்சல் நிறைவுபெறும். பள்ளியின் ஓராண்டையும் அவ்வாறே அளந்து பாருங்கள்.