ஓசை பிறந்த இடம்

மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டார் அனைவரும் அதன் ஓசையை அறிவர். விடியற்காலையில் லயத்து வாசலில் முடுக்கப்படும் பத்து வண்டிகளுள் தம் மகனுடையது எதுவென்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடும் தாய்மார் நம்மிடையே பலர். அவ்வளவு பழகிய ஓசையினிடையே அந்நிய ஓசையொன்று புகுமாயின் குடும்பமே கலங்கிப்போகும். அத்தகைய கலக்கம் நம் வீட்டிலும் நேர்ந்தது. அது தீர்ந்த விதம் வாசகர்களுக்கும் பயன்படலாமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

நம் இளவல் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம், கப்சாய் வண்டியில் இரவு வேலைக்குச் சென்று வருபவன். அவன் வேலை முடிந்து வெளிவரும் நேரத்தில் பஸ் கிடையாது. வீட்டில் வேறு வண்டியும் இல்லை. வண்டி நின்றால் சம்பளமும் நிற்கும் என்ற நிலை. அவ்வண்டியில்தான், தகரத்தைச் சுத்தியால் அடிப்பதுபோல் 'டங், டங்' என்னும் பேரோசை எழலாயிற்று. சில நாள் இரண்டு கட்டை தூரம் ஒன்றுமே கேளாது. பிறகு திடீரெனத் தொடங்கும். கைப்பிடி முறுக்கைத் தளர்த்திய மாத்திரத்தில் இன்னும் பெரிதாகும்.

ஓசை எழுந்தது ஒன்று. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களோ ஒரு டஜன்! எண்ணெய் மாற்றவேண்டுமென்றார் ஒருவர். புகைக்குழாய் உடைந்ததென்றார் மற்றொருவர். சாலையோரத்து ஆலமரத்தடியைக் கடந்த இரவிலிருந்தே தொடங்கியதாகக் கண்டுபிடித்த அத்தையொருத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் செய்தாள். பழம் இரண்டும் நசுங்கின, ஓசை நசுங்கவில்லை.

நிற்க. பட்டணத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவைத்து இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தார்; ஓசை இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டினார், ஓசை உண்டு. இயந்திரத்தின் உள்ளே தண்டு தேய்ந்துவிட்டது, பிரித்தாகவேண்டும், 400 வெள்ளி செலவாகும் என்று முடிவு கூறினார். பாரம் ஏறும்போது மட்டும் தட்டுகின்ற இயந்திரங்களும் உண்டாதலின், அவர் கூற்றை அறியாமையென்று தள்ளுவதற்கில்லை. அவர் வாசலில் இன்னும் ஐந்து வண்டிகள் காத்துக் கிடந்தன. நின்றபோது இல்லாதது ஓடும்போது மட்டும் எங்கிருந்து வருகிறதென்று நின்று கேட்க அவருக்கு நேரமேது?

அதனைக் கேட்டவர் எம் லயத்துப் பெரியவர் ஒருவர். செம்பனை ஆலையின் இயந்திரப் பகுதியில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். நீண்ட திருப்புளியின் முனையை ஓடும் இயந்திரத்தின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே எந்தக் குண்டுவளையம் தேய்கிறதென்று சொல்லக்கூடியவர். அவர் ஓசையின் பெயரைக் கேட்கவில்லை. "தம்பி, மேட்டிலிருந்து இறங்கும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டால் கேட்கிறதா?" என்றார்.

மறுநாட்காலை, வண்டி நடமாட்டமில்லாத தோட்டத்துச் செம்மண் மேட்டில் சோதித்தோம். கியரை விடுவித்து, இயந்திரத்தை அணைத்து, வண்டியைத் தன் போக்கில் உருளவிட்டான் இளவல். பாதிச் சரிவில் 'டங்' என்றது. இயந்திரம் உறங்கிக்கொண்டிருக்க ஓசை மட்டும் விழித்திருந்தது! அந்தக் கணமே 400 வெள்ளிச் செலவு நீங்கிற்று. எஞ்சியவை சக்கரம், அதன் குண்டுவளையங்கள், பற்சக்கரங்கள், சங்கிலி, பிரேக்கு.

அன்றிரவு பின்சக்கரத்துக் கம்பியொன்றில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. இளவல் வண்டியை மெல்லத் தள்ளினான். துணி கீழே வந்த தடவைகளை நாம் எண்ணினோம். பெரியவர் ஓசையை எண்ணினார். மெதுவான நடையில் அது நகத்தால் தட்டுவதுபோல் சுருங்கியிருந்தது. ஊரடங்கிய நேரமாதலால்தான் கேட்டது. சக்கரம் சுற்றியது 25, ஓசை 9.

சக்கரத்தில் பழுதெனில் ஓசை 25 கேட்டிருக்கவேண்டும். சங்கிலி வாங்கிய பெட்டி வீட்டிலேயே கிடந்தது. முன் பற்சக்கரத்துக்கு 14 பல், பின்னதற்கு 36, சங்கிலிக்கு 100 கண்ணி என்று அதில் அச்சிட்டிருந்தது. சக்கரம் 25 சுற்றினால் முன் பற்சக்கரம் 64 தடவைக்குமேல் சுற்றும், அதுவும் அன்று. 25-ஐ 36-ஆல் பெருக்கினால் 900 பல். கண்ணி நூறாகையால் சங்கிலி முழுதாகச் சுற்றுவது 9 தடவை. தமிழ்ப் பள்ளிப் பிள்ளை போடும் கணக்குத்தான்! சங்கிலியில் ஏதோ ஓரிடம், ஒரே ஓரிடம், எதன்மேலோ மோதுகிறது.

கப்சாய்கள் பலவற்றில் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியில், சேறும் தூசியும் படியாதிருக்கச் சங்கிலி முழுவதையும் உறையிட்டு மூடினர். அவ்வரிசை வண்டிகளின் உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியை எட்டியது. பற்பல நிறுவனங்களின் சிறு வண்டிகளும் அவ்வமைப்பையே பின்பற்றின. 'கப்' என்பதோடு சீனர் வழக்கின் 'சாய்' சேர்ந்தே நம் நாட்டில் 'கப்சாய்' ஆயிற்று என்பர். உறை நல்லதொரு காவல்தான். ஆயினும் தகர உறை உள்ளிருப்பதை மறைக்கும். உள்ளே சிறு தட்டு விழுந்தால் பறைபோல் பெருக்கியும் காட்டும்.

உறையைக் கழற்றினோம். உட்புறத்தில் பளபளவென்று ஒரு கீறல். சங்கிலியின் இரு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப், ஒரு முளையினின்று கழன்று, மற்றொன்றில் தொற்றிக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. முறுக்கும்போது சங்கிலியின் மேற்பகுதி விறைப்பாக ஓடும். முறுக்கைவிட்டால் அது தளர்ந்து குதிக்கும். அவ்வேளையிலெல்லாம் கிளிப் தகரத்தில் பலமாக மோதியிருக்கிறது. கண்ணியின் வெளித்தகடும் நகரத் தொடங்கியிருந்தது.

பெரியவர் அதை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்; பிளந்த முனை பின்னே வரவேண்டும். மாட்டியவர் அதனைத் திருப்பி மாட்டியிருந்தார். தகடு முற்றும் கழன்றிருந்தால் சங்கிலி அறும். அறுந்தது முன் பற்சக்கரத்தில் சிக்கினால் இயந்திரக் கூடு உடையும். பின்சக்கரம் இறுகியும் நின்றுவிடும். நள்ளிரவில், லாரிகள் வரும் ஈப்போச் சாலையில்! அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று தேநீர் கலக்கத் தொடங்கினார்.

புதிய இணைப்புக் கண்ணிக்குச் சில வெள்ளியே ஆயிற்று. பழைய கிளிப்பை ஒரு தாளில் மடித்து அதே பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினான் இளவல். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, வாசலில் நின்ற வண்டிகளின் சங்கிலி உறைகளில் பார்வைக்கென்று உள்ள ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலானார். மூன்றாவது வண்டியில் அவர் கை நின்றது. அங்கும் கிளிப் தலைகீழாகவே இருந்தது.