நூறு மீற்றர் மணலும் நூறு கிலோமீற்றர் தார் ரோட்டும்

எங்கட வீட்டில் டபிள் கப் ஒன்று வாங்குவமா வேண்டாமா என்ற கதை போன மாரியோடு தொடங்கினது. முடிய எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் காம்பஸால் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு சனி ஞாயிறும் எனக்கு ஒரே வேலைதான். அப்பாவோடும் சித்தப்பாவோடும் போய், ஆரோ ஒருவரின் முற்றத்தில் நிற்கிற வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்க்க வேணும். கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். பழைய வாகனங்களின்ர கையேடு எல்லாம் ஆங்கிலத்தில்தான் கிடைக்குது. அதை வாசித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிற ஆள் நான். இதில் வருகிற கன விசயம் அந்தக் கொப்பியில் இருந்தது.

முதலில் எங்களுக்கு ஏன் இப்படி ஒரு வாகனம் தேவை என்று சொல்ல வேணும். நாங்கள் முல்லைத்தீவுக் கரை. ஒரு பைபர் படகு இருக்குது. வாடைக்காற்றுத் தொடங்கினால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். அதால வருசத்தில் ஒருக்காப் படகை ட்ரெயிலரில் ஏத்தி ஒட்டுசுட்டான், மாங்குளம், வெள்ளாங்குளம் வழியாக மேற்குக் கரைக்குக் கொண்டுபோவம். நாச்சிக்குடாவில் பெரியம்மா வீட்டடியில் விட்டுத் தொழில் செய்து, காற்று மாற திருப்பிக் கொண்டுவருவம். ஒரு வழிக்கு நூறு கிலோமீற்றரளவில் வரும். இவ்வளவு காலமும் அதுக்கு வாடகை ரக்டர்தான்.

எங்களிட்டையும் ஒரு காலம் ரக்டர் இருந்தது. 2009 இல் சித்தப்பா அதை முள்ளிவாய்க்காலில் விட்டிட்டு நடந்தவர். பிறகு அந்தப் பக்கம் கறள் பிடித்துக் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களுக்குள்ள எங்கடது எது என்று ஆரும் போய்த் தேடயில்லை. அதுக்குப் பிறகு எங்கட குடும்பத்தில் நாலு சில்லு வாகனம் ஒன்று வாங்க நினைச்சது இதுதான் முதல் தரம். சீட்டுக் காசு, அம்மாவின்ர காப்பு அடகு வைத்த காசு, கனடாவில் இருந்து மாமா போட்ட காசு எல்லாம் சேர்த்து 50 லட்சம். பிழைத்தால் இன்னொருக்காச் சேர்க்க ஏலாத காசு.

வாங்குகிற காலமும் நல்ல காலமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திருப்பித் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் எங்கட நாட்டில் வாகனம் பழசாகப் பழசாக விலை ஏறினது. என்னைவிட வயது கூடின வாகனத்துக்கு அரைக் கோடி கேட்கிறது இங்கே சாதாரணம்.

"வருசத்தில ரெண்டு தரம் இழுக்கிறதுக்கு அரைக் கோடியோ? வாடகைக்கே பிடிப்பம்" என்று தம்பி சொன்னான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. அப்பா ஒரு இரவைத்தான் ஞாபகப்படுத்தினார். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்காலே கரையேறினது. அதுக்கு முதல் எங்கட கரையில் எல்லாப் படகையும் ஒரே நேரத்தில் மேலே இழுக்க வேண்டியிருந்தது. ரக்டர் இரண்டோ மூன்றுதான். "வாடகைக்காரன் நல்லவன்தான். ஆனா அண்டைக்கு அவனுக்கு முப்பது பேர் கோல் எடுத்தவை" என்றார் அப்பா. தம்பி பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இப்படிக் கதைத்துக் கதைத்துத்தான் எங்களுக்கு ஒரு விசயம் விளங்கினது. நாங்கள் தேடுகிற ஒரு வாகனத்துக்கு மூன்று வேலை. முதலாவது, புயல் வருகிற நாளில் நூறு மீற்றர் மணலில் படகை மேலே இழுப்பது. இரண்டாவது, வருசத்தில் இரண்டு தரம் நூறு கிலோமீற்றர் தார் ரோட்டில் இழுப்பது. மூன்றாவது மற்ற முந்நூற்றைம்பது நாளும்: மீன் பெட்டி, ஐஸ், அம்மம்மாவின்ர கிளினிக், தம்பியின்ர ரியூசன். விக்கிறவை எல்லாரும் முதல் வேலையைப் பற்றித்தான் கதைப்பினம். "நாலு சில்லும் இழுக்கும் அண்ணை, மலையிலயும் ஏறும்" என்பார்கள். எங்கட மாவட்டத்தில் மலை எங்கே இருக்குது?

மணல் வேலை உண்மையில் லேசானது. அதுக்குப் பெரிய இஞ்சின் தேவையில்லை. கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன லீவரை 4எல் இல் போட்டால் சில்லு மெதுவாக, கூடின பலத்தோடு சுத்தும். ரயரில் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்தால் அது அகன்று மணலுக்கு மேலே நிற்கும், புதையாது. திரும்பி ரோட்டுக்கு வந்தவுடன் காற்று அடிக்க வேணும். முப்பது வருசப் பழசென்றாலும், நாலு சில்லும் ஒழுங்காக வேலை செய்தால் இதைச் செய்யும்.

ஆனால் வேலை செய்யுதா என்று பார்க்க வேணும். வவுனியாவில் ஒரு டபிள் கப்பின் பக்கத்தில் பெரிசாக 4×4 என்று ஸ்டிக்கர். சித்தப்பா முதுகைத் தரையில் போட்டுக் கீழே பார்த்தார். முன் சில்லுக்குச் சக்தி கொண்டுபோகிற சாப்டே இல்லை. அது இரண்டு சில்லு மொடல். ஸ்டிக்கரைக் கடையில் வாங்கலாம். அதால கீழே பாருங்கள். பிறகு மணலிலோ மண் ரோட்டிலோ கொண்டுபோய் லீவரைப் போட்டு ஓடிப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் இந்தச் சோதினை வேண்டாம். பழைய டபிள் கப் கனத்துக்கு முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் டிபரன்சியல் இல்லை. வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஓடுகிற தூரம் வித்தியாசம். மணலென்றால் சில்லு வழுக்கி அதைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க ஏலாது, உள்ளே பல்லுச் சில்லுகள் இறுகும். ஆகவே ரோட்டில் அது பின் சில்லு வாகனம்தான்.

இரண்டாவது வேலைதான் பயமானது. கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். எந்த வாகனம் நல்லா இழுக்கும் என்று நான் கேட்க, அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் இழுக்கும் பிள்ளை. இழுத்துக்கொண்டு போகேக்க மாடு குறுக்க வந்தா நிக்குமோ எண்டு கேள்."

ஒட்டுசுட்டான் ரோட்டில் இரவில் போன ஆக்களுக்கு அந்த மாடு எந்த மாடு என்று தெரியும். பிரேக் இல்லாத ட்ரெயிலர் பின்னால் இருந்தால், வாகனத்தின்ர பிரேக் இரண்டையும் நிப்பாட்ட வேணும். ட்ரெயிலர் பாரம் கூடினால் அது வாகனத்தைப் பின்னால் இருந்து தள்ளும், வளைவென்றால் பக்கவாட்டில் தள்ளும். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோ என்ற எல்லைதான் கன கையேடுகளில் வருகுது. அப்பாவிடம் எங்கட படகு எத்தனை கிலோ என்று கேட்டேன். இருபது வருசம் அந்தப் படகுகளோடு வாழ்ந்த மனிசனுக்கு அது தெரியாது. ஆருமே நிறுத்துப் பார்க்கிறதில்லை.

அதால வாகனம் பார்க்கிறதை நிப்பாட்டிப்போட்டு, வாடகை ரக்டரில் படகைக் கொண்டுபோய் ஒரு அரிசி ஆலையின் லொறித் தராசில் ஏத்தினோம். ட்ரெயிலரை மட்டும் தராசில் விட்டு நிறுத்தால் படகு, இஞ்சின், வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 1,060 கிலோ. பிறகு படகுக்குள்ள கிடந்த சாமானை எல்லாம் இறக்கி, இஞ்சினையும் கழட்டிப்போட்டுத் திருப்பி நிறுத்தோம். 720 கிலோ.

எட்டு மாதக் கதையை முடிச்சது அந்த இரண்டு எண்தான். அதுவரை மாமா கனடாவில் இருந்து "பஜிரோ எடுங்கோ, ஆக்கள் ஏறக்கூடிய வாகனம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் பஜிரோ என்றால் பெரியாக்கள். டபிள் கப் என்றால் என்.ஜீ.ஓ. அல்லது ஏதாவது கந்தோர். ஆசை எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1991 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜிரோவில் நடுவிலும் டிபரன்சியல் உள்ள மொடல்கள் இருக்குது, மழை ரோட்டிலும் நாலு சில்லில் ஓடலாம். இருக்கை சொகுசு. ஆனால் 340 கிலோ வலையையும் இஞ்சினையும் அதுக்குள்ள எங்கே போடுறது? மீன் தண்ணி வடிகிற பெட்டியை எந்த இருக்கையில் வைக்கிறது? டபிள் கப்பென்றால் பின்பெட்டியில் போடலாம். அதோடு ட்ரெயிலர் 750 க்குக் கீழே வந்திடும்.

இஞ்சினைக் கழட்டுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. படகின்ர கடைசியில் இஞ்சின் தொங்கினால் ட்ரெயிலரின்ர பின்பக்கம் பாரமாகி, கொக்கிப் பக்கம் லேசாகும். அப்படிப் போனால் வேகத்தில் ட்ரெயிலர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்களவில் கொக்கியில் இருக்க வேணும் என்பது பொதுவான கணக்கு. கொக்கிக்குக் கீழே ஒரு கட்டையையும், அதுக்குக் கீழே ஆள் நிறுக்கிற தராசையும் வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். நாங்கள் படகை ட்ரெயிலரில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி 70 கிலோவுக்குக் கொண்டுவந்தோம்.

அதுக்குப் பிறகு டபிள் கப் மட்டும்தான் பார்த்தது. நாங்கள் ஒவ்வொன்றிலும் பார்த்தது இவ்வளவும்தான். விடிய, சொல்லாமல் கொஞ்சம் முந்திப் போய்ப் பொனட்டில் கை வைப்போம். சூடாக இருந்தால் எங்களுக்காக முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கினம் என்று அர்த்தம். குளிரில் எடுக்கும்போது வருகிற புகை என்ன நிறம், கொஞ்சத்தில் நிற்குதா என்று பார்ப்போம். கிளட்சுக்கு, ஹான்ட் பிரேக்கை இழுத்து மூன்றாம் கியரில் மெதுவாக விடுவோம். இஞ்சின் நின்றால் கிளட்ச் நல்லது. நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் கிளட்ச் தேய்ஞ்சது, படகு இழுக்காது. புத்தகத்தில் இருக்கிற சசி நம்பரும் இஞ்சின் நம்பரும் இரும்பில் இருக்கிறதோடு ஒத்துப்போகுதா, லீசிங் கம்பனி ஒன்றின்ர பெயர் இன்னும் இருக்குதா என்று நான் பார்ப்பேன். கடைசியாகச் சித்தப்பா சின்னச் சுத்தியலோடு சசிக்குக் கீழே போவார். கடலோரத்தில் ஓடின வாகனத்தை உப்புத்தான் முதலில் தின்னும். ஒரு இடத்தில் கீழ்ப்பக்கம் எல்லாம் புதுக் கறுப்புப் பெயின்ற். தட்டினபோது இரும்புச் சத்தம் வரவில்லை. மட்டையில் தட்டினது மாதிரி இருந்தது. நன்றி சொல்லிப்போட்டு வந்திட்டம்.

எங்கே போனாலும் விக்கிறவை அப்பாவைப் பார்த்துத்தான் கதைப்பினம். நான் கேள்வி கேட்டால் பதில் அப்பாவுக்குப் போகும். மூன்றாவது நாலாவது இடத்தில் அப்பாவே "மகளிட்டச் சொல்லுங்கோ, அவதான் எழுதிறா" என்று சொல்லப் பழகியிட்டார்.

கடைசியாக எடுத்தது பழைய ரொயோட்டா ஹைலக்ஸ், எல்என்106 மொடல். 2.8 லீற்றர் டீசல், டர்போ இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் தகடு. ஒரு வயல்காரர் வைத்திருந்தது, கடல் பக்கம் போகாதது. 43 லட்சத்துக்கு முடிந்தது. கூடின விலைக்குப் புதுசாக ஒன்று இருந்தது, ஆனால் கடைசிச் சதம்வரை கொட்டிப் பழைய வாகனம் வாங்கக் கூடாது என்று மெக்கானிக் அண்ணை ஒரே பிடி. மிச்ச 7 லட்சத்தில் நாலு ரயர், பிரேக் முழுக்க, டைமிங் பெல்ட், சசியில் பிடித்த கொக்கி. பம்பரில் ஒட்டின கொக்கியை நம்ப வேண்டாம். இன்னும் ஒன்றரை லட்சம் கைபடாமல் இருக்குது.

நல்ல வாகனம் என்று சொல்லி முடிக்க மாட்டேன். வெறும் பெட்டியோடு ஓடினால் குலுக்கும். ஏத்தத்தில் பஸ் எங்களை முந்திப் போகும். லீற்றருக்கு ஒன்பது பத்துக் கிலோமீற்றர்தான். எங்கட ஒழுங்கையில் திருப்ப இரண்டு தரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுக்க வேணும். அம்மம்மா முதல் நாள் கதவடியில் நின்று "இதுக்கு ஏணி எங்க?" என்று கேட்டா. சித்தப்பா அடுத்த நாளே இரும்பில் ஒரு படி ஒட்டிப் பூட்டினார். அது 2,500 ரூபாய் வேலை. வருசம் முழுக்க அவ கிளினிக்குக்குப் போகிற வாகனம் இது என்பதால், எங்கட செலவுப் பட்டியலில் கொக்கிக்குப் பக்கத்தில் அதையும் எழுதினேன்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு கதை ஓடினால், விக்கிற இடத்துக்குப் போக முதல் இழுக்கப்போகிற சாமானைத் தராசில் ஏத்துங்கோ. வருசத்தில் எத்தனை நாள் இழுப்பியள், மற்ற நாளெல்லாம் அதில் ஆர் ஏறுவினம் என்று ஒரு தாளில் எழுதுங்கோ. மெக்கானிக்கிட்டைப் போனால் நிக்குமோ என்றும் கேளுங்கோ.

இந்த நவம்பரில் முதல் தரம் எங்கட வாகனத்தில் படகு நாச்சிக்குடா போகும். இரவில் இல்லை, விடிஞ்ச பிறகு, 40 க்கு மேல் ஓடுறதில்லை என்று அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடித்திட்டினம். ட்ரெயிலருக்கும் பிரேக் போட எவ்வளவு முடியும் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.