நன்றியுரைக்காரரின் முறை

ஊர் விழா அழைப்பிதழில் பெயர்களுக்கு ஒரு வரிசை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரைக்கு ஏழெட்டுப் பேர், பெரிய எழுத்தில் சிறப்புரை, கடைசியில் பொடி எழுத்தில் நன்றியுரை. மேடைக்குப் புதியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. பெயர் எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, சங்கத்தின் துணைச் செயலாளர், மன்றத்தில் ஓடியாடி வேலை செய்யும் பையன் ஆகியோருக்கு நன்றியுரைதான் வாய்க்கும். அவர் மைக் முன்னால் வந்து நிற்கும்போது சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பியிருக்கும். பந்தல்காரர் பின்வரிசை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்திருப்பார். சாப்பாட்டுப் பொட்டலம் எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கூட்டம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலாக மடித்து வியர்வையில் ஊறிய தாளைப் பார்த்து, "ஒலி, ஒளி அமைத்துக் கொடுத்த..." என்று அவர் வாசித்து முடிப்பார். தன் குரல் ஒலிபெருக்கியில் எப்படி இருக்கும் என்று அவர் முதன்முதலாகக் கேட்ட நேரம் அது. வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் மேடைக்கா பஞ்சம்? நெம்மேலியையே எடுத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும் இந்த ஊரின் பெயர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. இங்கே அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. குப்பத்துக் கோயில்களில் ஆடி மாத விழா நடக்கும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடும். தேர்தல் வந்தால் தெருமுனைக் கூட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம். இத்தனை மேடை இருந்தும், பேசத் தெரியாத ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசிப் பழக இவற்றில் ஒன்றுகூட இடம் தருவதில்லை. மேடை என்பது ஏற்கெனவே பேசத் தெரிந்தவருக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

பேச்சு மன்றங்கள் இந்த வழக்கத்தைத்தான் புரட்டிப் போட்டன.

அவற்றில் உலகறிந்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வின் கல்விப் பணியில் இருந்தவர். அங்கே வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வரவில்லை என்பதைக் கவனித்து, 1905இல் இலினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் முதல் முயற்சியைத் தொடங்கினார். அவர் ஊர் மாறிப் போனதும் அது தேய்ந்துவிட்டது. பிறகு கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில், 1924 அக்டோபர் 22 அன்று கூடிய கூட்டம்தான் நிலைத்தது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அந்த அமைப்புக்கு 1973 வரை ஆயிற்று. பேசக் கற்றுக்கொடுக்க வந்தவர்களுக்கே, யாரையெல்லாம் பேச விட வேண்டும் என்று புரிய அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது!

நெம்மேலிக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலை. சிறுசேரி, சோழிங்கநல்லூர் வட்டாரத்து மென்பொருள் அலுவலகங்களில் இத்தகைய மன்றங்கள் வேரூன்றியிருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். சேர்கிறவர்கள் பதவி உயர்வுக்காகவும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுவதற்காகவும் சேர்கிறார்கள். அதை மறைப்பதும் இல்லை. அதில் குறை காண ஒன்றுமில்லை. குறை இருப்பது நடைமுறையில் என்று முதல்முறை போகிறவர் நினைப்பார். ஒரு சின்ன அறையில் இருபது பேருக்கு இத்தனை சடங்கா என்று தோன்றும். நேரம் பார்க்க ஒருவர், இலக்கணம் பார்க்க ஒருவர், பேசுபவரின் இழுவைகளை எண்ணக் கையில் பென்சிலோடு ஒருவர், பேச்சை எடைபோட்டுச் சொல்ல ஒருவர். தமிழில் நடக்கும் மன்றமென்றால் "வந்து", "அதாவது", "என்னன்னா" எல்லாம் அந்தப் பென்சிலுக்குத் தீனி. கூட்ட முடிவில் கணக்கு வாசிக்கப்படும்போது, பேசியவர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள்.

நேரம் பார்ப்பவரின் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு முப்பது வினாடி சலுகை உண்டு. போட்டியாக இருந்தால் அதையும் தாண்டியவருக்குப் பரிசு கிடையாது. பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. "இரண்டே வார்த்தை சொல்லி அமர்கிறேன்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த நாட்டில் இது கிட்டத்தட்ட ஒரு புரட்சி. அவையோரை ஒவ்வொருவராக "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் பச்சை அட்டை தூக்கப்பட்டுவிடும் என்று தெரிந்தால், எவருக்கும் விளிச்சொல் தானாகச் சுருங்கிவிடும்.

ஆனால் மன்றத்தின் உயிர் அட்டையில் இல்லை, கைத்தட்டலில் இருக்கிறது. புதியவரின் முதல் பேச்சு தன்னைப் பற்றியது; நாலிலிருந்து ஆறு நிமிடம். பெயர் அழைக்கப்பட்டு அவர் எழுந்து நடந்துபோய் நிற்கும் வரை அறை முழுவதும் கை தட்டும். திரும்பி வந்து உட்காரும் வரை மறுபடியும் தட்டும். நடுவில் வார்த்தை மறந்து நின்றாலும் யாரும் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள். பேச்சு சொதப்பினாலும், எடைபோடுபவர் எழுந்து, எது நன்றாக இருந்தது என்பதில்தான் தொடங்குவார். அடுத்த முறை எதை மாற்றலாம் என்பது அதன் பிறகு. ஊர் விழாவில் நன்றியுரைக்கு விதிக்கப்பட்டவர் இங்கே நிகழ்ச்சியின் நடுநாயகம். கேட்பதற்கு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருப்பதே இந்த மன்றங்களின் உண்மையான கண்டுபிடிப்பு.

இவர்களின் கொண்டாட்டங்களும் அதே குணத்தோடு இருக்கின்றன. பொங்கலை ஒட்டி வரும் கூட்டத்தில் வேட்டியும் பட்டுச் சேலையும் வந்துவிடும்; மேசையில் கரும்பு சாய்ந்திருக்கும். ஆங்கில மன்றங்கள் சிலவற்றில் அன்று மட்டும் தமிழுக்கு அனுமதி. மாதக்கணக்கில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர், தன் ஊர் மாட்டுப் பொங்கலைப் பற்றி இரண்டு நிமிடம் ஆயத்தமில்லாமல் பேசச் சொன்னதும் வெளுத்து வாங்குவார். இத்தனை நாள் அவருக்குக் குறைந்திருந்தது பேச்சா, மொழியா என்ற கேள்வி அப்போது எழத்தான் செய்யும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் முழுக்கத் தமிழிலேயே நடக்கும் மன்றங்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில். டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் பயிற்சித் திட்டமும் இன்று தமிழில் கிடைக்கிறது. கொழும்பின் மன்றங்களோ இன்னொரு பக்கம் பேர் வாங்கின. 2014இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்ற தனஞ்சய ஹெட்டியாரச்சி இலங்கைக்காரர்.

ஆண்டு விழா வரும்போதுதான் சிக்கல். விருந்தினர் அழைக்கப்படுவார், பொன்னாடை வந்துவிடும், நினைவுப் பரிசு வந்துவிடும், நம் பழைய மேடை தன் பரிவாரத்தோடு உள்ளே நுழைந்துவிடும். சிறப்பு விருந்தினர் பதினைந்தாவது நிமிடத்தில் இருக்கும்போது, சிவப்பு அட்டையைத் தூக்குவதா வேண்டாமா என்று நேரம் பார்ப்பவர் தலைவரின் முகத்தைப் பார்ப்பார். தலைவர் கூரையைப் பார்ப்பார்.

கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் பேசுவது என்னவோ கல்தோன்றி மண்தோன்றாக் காலத்து வழக்கம் என்று நினைப்பதற்கு ஆதாரம் குறைவு. பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ் மேடைப் பேச்சை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். எல்லாரையும் ஒரே அவையாக எண்ணிப் பேசும் முறை கிறித்தவ மிஷனரிகளின் பிரசங்கத்திலிருந்து வந்து, சைவர்களின் கைக்கு மாறி, சுதேசி இயக்கத்தில் தெருவுக்கு இறங்கியது என்பது அவர் காட்டும் வழி. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கியது 1847 டிசம்பர் 31இல். 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் கூட்டத்தைத் திரட்டியபோது பேசியது ஆங்கிலம். அடுத்த ஆண்டே தூத்துக்குடிக் கடற்கரையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். 1908 மார்ச்சில் கைதானார்கள். பேச்சுக்குக் கைவிலங்கு கிடைத்ததும்தான் அதன் பலம் எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த படிப்பகங்களும் மன்றங்களுமே நம்முடைய அசலான பேச்சுக் கழகங்கள் என்று தோன்றுகிறது. பெஞ்சு இரண்டு, நாளிதழ் நாலு, சுவரில் தலைவர் படம், வாசலில் கொடிக்கம்பம். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்ட இடங்கள் அவை. காஞ்சிபுரத்து அண்ணாவின் நடையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கீற்றுக் கொட்டகைகளில் எத்தனையோ பேர். பொங்கலுக்கு உறியடி, கயிறு இழுத்தல், கோலப் போட்டி, மாலையில் பேச்சுப் போட்டி. ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம். ஊர்ப்பணியையும் பேச்சையும் அவை பிரித்துப் பார்க்கவில்லை. பின்னால் படிப்பகங்கள் ரசிகர் மன்றங்களாகவும் வெறும் பெயர்ப் பலகைகளாகவும் மாறின. உறியடி தங்கிவிட்டது, வாசிப்பு போய்விட்டது.

நெம்மேலி இருக்கும் செங்கல்பட்டு வட்டாரத்துக்கென்று இன்னும் பழைய பள்ளி ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். பிரசங்கியார் கதையை நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் நியாயம் கேட்பார். அவர் பதில் சொல்வார். பகல் வெயிலில், பந்தலுக்குக் கீழே, நாள்கணக்கில் கூட்டத்தைக் கட்டிப்போடும் இந்தக் கலைக்கு எந்த மன்றமும் சான்றிதழ் தருவதில்லை.

நெம்மேலிக்கு வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் ஒரு பேச்சு நடக்கிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. துணி கட்டிய பானையைத் திறந்து, கம்பியால் பாம்பைத் தூக்கி, குவளை வாயில் கட்டிய சவ்வைக் கடிக்கவிட்டு விஷம் எடுப்பதைச் சுற்றுலாப் பயணிகள் முன்னால் செய்து காட்டுவார்கள். கை பாம்பில் இருக்கும், பேச்சு கூட்டத்தைப் பார்த்து இருக்கும். அவையச்சம் என்று ஒன்று இருப்பதாக அங்கே தெரியாது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் மலைப்பாம்பு பிடிக்கப் புளோரிடா வரை போய் வந்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கைத்தொழிலில் ஊறியவருக்குப் பேச்சு தானாக வருகிறது. பேச்சை மட்டும் தனியாகப் பிடுங்கி நட்டால்தான் வாடுகிறது.

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நடப்பது அந்தப் பிடுங்கி நடுதல். தமிழ் வளர்ச்சித் துறை காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள்களை ஒட்டி மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, பிறகு 2,000. நல்ல ஏற்பாடுதான், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசும் உண்டு. ஆனால் தலைப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, உரையை ஆசிரியர் எழுதுகிறார், பிள்ளை உருப்போடுகிறது. ஒரு வரி மறந்தால் அடுத்த வரிக்குத் தாவத் தெரியாமல் கண் கலங்கி நிற்கிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் ஊருக்குச் செய்யும் பணிகளில் உருப்படியானது இந்த இடத்துக்குத்தான் தேவைப்படுகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எட்டு அமர்வில் பேச்சும் கூட்டம் நடத்துவதும் பழக்கும் இளையோர் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. பிள்ளைகளே தலைவர், பிள்ளைகளே நேரம் பார்ப்பவர். இந்தச் சாலையோரத்துப் பள்ளிகளில் அதற்கு ஒரு வகுப்பறையும் சனிக்கிழமைக் காலையும் போதும். ஆரஞ்சு மிட்டாய்ப் பையோடு வந்து படமெடுத்துக்கொண்டு போகும் ஒருநாள் சேவையைவிட, எட்டு வாரம் தொடர்ந்து வருவது கடினம்.

பெண்களின் கதை வேறு வழியில் போயிருக்கிறது. சோழமண்டலக் கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து நெடுங்காலமாக ஆண்களின் கூட்டம். வலை, கடல் எல்லை, கோயில் வரி எல்லாம் அங்கே முடிவாகும். மீனை விற்றுக் காசாக்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பேச்சுப் பயிற்சிக்காக வந்தவை அல்ல, சேமிப்புக்கும் கடனுக்குமாக வந்தவை. ஆனால் குழுவில் வருகைப் பதிவு உண்டு, கணக்கை உரக்கப் படிக்க வேண்டும், வங்கி மேலாளரிடம் போய்க் கேட்க வேண்டும், பயிற்சிக்குப் போனால் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். மகளிர் தின விழாவில் கோலமும் இசை நாற்காலியும் முடிந்ததும் மைக் கைமாறிக்கொண்டே போகும். ஏழு நிமிடக் கணக்கும் பச்சை, சிவப்பு அட்டையும் இல்லாமலே அதுவும் ஒரு பேச்சு மன்றம்தான். சந்தையில் விலை பேசிப் பழகிய குரல் என்பதால் ஒலிபெருக்கி பல சமயம் தேவைப்படுவதில்லை.

அந்தக் குரல் கிராம சபையில் கேட்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு பேர் வந்தால் கூட்டம் செல்லும். வரவு செலவு வாசிக்கப்படும்போது ஆண்கள் பின்னால் மரத்தடியில் நிற்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழுப் பெண்களில் ஒருவர் எழுந்து, போன கூட்டத்தில் சொன்ன தெருவிளக்கு என்னாயிற்று என்று தொடங்குவார். பார்க்கலாம், செய்யலாம் என்று பதில் வரும். "பாக்கலாம்னு சொல்லாதீங்க சார், தீர்மானத்துல எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க" என்பார். செயலர் பேனாவைத் தேடுவார்.